மதரசா மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறீர்களா? முதலில் எந்த நாடு என்று கேளுங்கள்

யாங்கோனில் (பழைய ரங்கூன்) நம் ஜமாஅத்துகள் விழா மலர் போடுவது என்று முடிவெடுத்தால் அதில் இரண்டு கட்டுரை கட்டாயம் இருக்கும். ஒன்று பள்ளிவாசல் கட்டிய கதை, அதைத் தலைவர் எழுதுவார். இன்னொன்று "நம் மதரசாவும் நாட்டுப்பற்றும்", அது கொஞ்சம் தமிழ் டைப்பிங் தெரிந்த பையன் தலையில் விழும். சில வருஷத்துக்கு முன் என் தலையில் விழுந்தது. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து "நம் உலமாக்கள் என்றென்றும் நாட்டுக்காகவே வாழ்ந்தார்கள்" என்று ஆரம்பித்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கமிட்டியில் எல்லாரும் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த எண்பது தாண்டிய ஹஜ்ரத் (மார்க்கப் பெரியவர்) ஒருவர் மட்டும் தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து முழுசாகப் படித்துவிட்டு, "எந்த நாடு தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மலர் அப்படியே அச்சாகி வந்தது, மிச்சக் கட்டு இன்னும் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வேலை பார்க்கக் கற்றுக்கொண்டேன். உங்களிடம் யாராவது இதே கட்டுரையைக் கேட்டால் நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வருஷக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

ஒரு தாளில் நெடுக்காக ஒரு கோடு போட்டு அதில் ஐந்தாறு தேதி எழுதுங்கள். 1937 ஏப்ரல் 1, பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்ட நாள். அதுவரை ரங்கூன் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணத் தலைநகரம், 1931 கணக்கெடுப்பில் ஊர்ச் சனத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அப்புறம் 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன். 1948 ஜனவரி 4 சுதந்திரம். 1962 மார்ச் 2 ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1982 குடியுரிமைச் சட்டம். இந்தக் கோட்டின் மேல்தான் உங்கள் மதரசாவின் ஒவ்வொரு சம்பவத்தையும் வைக்க வேண்டும், வைத்தால்தான் ஹஜ்ரத் கேட்ட கேள்விக்கு அர்த்தம் புரியும்.

எங்கள் நன்னா (தாத்தா) 1934-ல் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரசாவுக்கு ஓதப் போனார். ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணம். 1940-ல் ஸனதோடு (ஓதி முடித்த பட்டயம்) கப்பலிறங்கியபோது வெளிநாட்டிலிருந்து வந்தவர். பெட்டி அதே பெட்டி, கிதாபு அதே கிதாபு, கப்பலும் அதே கம்பெனிக் கப்பலாகவே இருந்திருக்கும். அவர் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய உஸ்தாது (ஆசிரியர்) "நாட்டு விடுதலைக்காக" என்று துஆ கேட்டிருந்தால் அது இந்தியாவுக்கா, பர்மாவுக்கா? 1936 என்றால் ஒரு பதில், 1938 என்றால் வேறு பதில். "நாட்டுப்பற்று" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போனால் இதெல்லாம் அழிந்துபோகும்.

பழைய தாள்களில் ஹிஜ்ரி வருஷம் மட்டும்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஹிஜ்ரியை 0.97 ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள், ஒரு வருஷம் முன்பின்னாகச் சரியாக வரும். வட இந்தியாவில் உள்ள தேவ்பந்த் மதரசா தொடங்கியது ஹிஜ்ரி 1283, போட்டுப் பாருங்கள், 1866 வரும். மலருக்கு இது போதும். மாதமும் தெரிந்தால் துல்லியமாகவே பார்த்துவிடலாம், இப்போது போனிலேயே மாற்றிக் காட்டுகிறான்.

தகரப்பெட்டியில் என்ன தேடுவது

வீட்டில் பிஸ்கட் டின்னிலோ தகரப்பெட்டியிலோ கிடக்கும் காகிதங்கள்தான் உங்கள் கஜானா. ஸனதைக் கண்ணாடி போடவோ லேமினேட் பண்ணவோ கொண்டு போகாதீர்கள், நம் ஊர் ஈரத்தில் அது உள்ளேயே புழுங்கிப் போகும். ஜன்னல் பக்கம் காலை வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் போடாமல், போனில் எடுத்தால் போதும். பின்பக்கத்தையும் எடுங்கள். நன்னா ஸனதின் பின்பக்கத்தில் பென்சிலில் ஒரு துணிக்கணக்கு இருந்தது, "கதர் 4 கஜம்" என்று அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில். முன்பக்கத்து அரபியில் அலங்காரமாக எழுதிய எட்டுப் பத்து வரியைவிட அந்த ஒரு வரி எனக்கு அதிகம் சொன்னது.

பாடத்திட்டத்தில் நாட்டைத் தேடாதீர்கள், கிடைக்காது. நம் மதரசாக்களில் நிறைய இடத்தில் நடப்பது தர்ஸே நிஜாமி என்ற பாடத்திட்டம், லக்னோ பிரங்கி மஹல் முல்லா நிஜாமுத்தீன் 18-ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியது. நஹ்வு, ஸர்பு என்ற அரபி இலக்கணம், மன்திக் என்ற தர்க்கம், பிக்ஹில் (மார்க்கச் சட்டம்) ஹிதாயா, தப்ஸீரில் (குர்ஆன் விரிவுரை) ஜலாலைன், கடைசி வருஷம் ஹதீஸ். இதில் தேசியம் என்று ஒரு பாடமும் கிடையாது. தேசியம் இருப்பது பாடத்தைச் சுற்றி. எந்த நாளுக்கு லீவு விட்டார்கள், பட்டமளிப்புக்கு யாரைக் கூப்பிட்டார்கள், போஸ்டர் எந்தெந்த பாஷையில், அதில் எந்த பாஷை மேலே. ரசீது புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். சந்தா யார் கொடுத்தது, சேட்டுக் கடையா, துறைமுகக் கூலியா, அரசாங்கத்திலிருந்து ஏதாவது வந்ததா என்பது மதரசாவின் அரசியலைப் பற்றி எந்த பிரசங்கத்தையும் விட நன்றாகச் சொல்லும். தேவ்பந்தை நிறுவியவர்களில் ஒருவரான மௌலானா காசிம் நானோத்தவி எழுதி வைத்த எட்டு விதிகளில் பணத்தைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. நிலையான வருமானம், பெரிய பணக்காரனின் வாக்குறுதி, அரசாங்கத்தின் பங்கு இதெல்லாம் மதரசாவுக்குக் கேடு, சனங்கள் கொடுக்கும் சின்னச் சின்ன சந்தாவில்தான் ஓட வேண்டும் என்பது அதன் சாரம். 1857 கலவரம் அடங்கிப் பத்து வருஷம் கூட ஆகாத காலத்தில் தொடங்கிய மதரசா அது. வெள்ளைக்காரனை எதிர்த்து ஒரு வார்த்தை கூட அதில் தேவைப்படவில்லை.

பழைய குத்பா கிதாபு (ஜும்ஆ உரைப் புத்தகம்) இருந்தால் இரண்டாம் குத்பாவைப் பாருங்கள். கலீபாவாக இருந்த துருக்கி சுல்தானின் பெயர் அச்சிலோ, ஓரத்தில் கையெழுத்திலோ இருக்கலாம், அடித்தும் இருக்கலாம். கிலாபத்தை முஸ்தபா கமால் ஒழித்தது 1924 மார்ச்சில். அடித்த கோட்டுக்கு ஒரு தேதி கிடைத்துவிட்டது இல்லையா? மலரில் அந்தப் பக்கத்தின் படத்தைப் போடுங்கள், நாலு பக்கக் கட்டுரையை விட அது பெரிசு.

பெரியவர்களிடம் கேட்கும் விதம்

ஹஜ்ரத்திடம் போய் "உங்கள் மதரசா நாட்டுப்பற்று உள்ளதா?" என்று கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ், ஹுப்புல் வதன் (நாட்டுப்பற்று)..." என்று ஆரம்பித்து ஜும்ஆ பயான் மாதிரி ஒரு பதில் வரும், அதைக் கட்டுரையில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இன்றைய நிலைமையில் அந்தக் கேள்வியே போலீஸ்காரன் கேள்வி மாதிரி இருக்கும், அவர் ஏன் மனம் திறக்கப் போகிறார்? சின்னதாகக் கேளுங்கள். சுதந்திர நாளுக்கு மிட்டாய் கொடுத்தார்களா? ஓதுற பிள்ளைகளுக்கு எந்த நாள் லீவு? உஸ்தாது என்ன பத்திரிகை படிப்பார், ரேடியோ வைத்திருந்தாரா? ஆபீசில் யார் போட்டோ மாட்டியிருந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உருவப்படம் மாட்டாத இடத்தில் போய் பர்மா விடுதலைத் தலைவர் ஜெனரல் ஆங் சான் படம் இல்லையே என்று ஒருவர் எழுதி வைத்து அது பெரிய சங்கடமாகிப் போனது எனக்குத் தெரியும். படம் இல்லாததற்குக் காரணம் மார்க்கச் சட்டம், அரசியல் இல்லை.

என்னை "எந்த நாடு தம்பி" என்று கேட்ட ஹஜ்ரத்திடமே கடைசியில் போனேன். அசர் தொழுகைக்குப் பிறகு, டீக்கடையில் வேண்டாம் என்றார், வீட்டிலேயே, பால் போட்ட டீயும் நான்ரொட்டியும். "எங்க உஸ்தாது எப்படிப்பட்டவர் தெரியுமா? பைஜாமா கணுக்காலுக்குக் கீழே ஒரு விரல் இறங்கினாலும் பிரம்பு பேசும். தாடி விஷயத்தில் கேட்கவே வேண்டாம். பாட்டுப் பெட்டிச் சத்தம் கேட்டால் அந்தத் தெரு வழியாகவே போக மாட்டார். ஆனா உடம்பில் கதரைத் தவிர வேற துணி ஏறாது." கொஞ்சம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார், "இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு இது ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கும்னு சொன்னா நம்பறதில்லை."

எனக்கு அன்றுதான் விளங்கியது. மார்க்கத்தில் கெடுபிடி என்றால் நாட்டு விஷயத்தில் ஒதுங்கியிருப்பார், தாடி குறைவாக இருந்தால் தேசியவாதி என்று நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு தப்பு. தேவ்பந்த் கதையைப் படித்தால் இது இன்னும் பச்சையாகத் தெரியும், அதை உங்கள் கட்டுரையில் அரைப்பக்கமாவது சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்குள்ள மதரசாக்களில் நிறைய அந்த வழியில் நடப்பவை.

ஒரே மதரசா, இரண்டு நாடுகள்

தேவ்பந்தின் முதல் மாணவர் மஹ்மூதுல் ஹசன். பின்னால் அங்கேயே தலைமை ஆசிரியரானார். முதல் உலகப்போர் நேரத்தில் அவரும் அவருடைய மாணவர்களும் வெள்ளைக்காரனைத் துரத்த துருக்கி, ஆப்கன் பக்கம் உதவி தேடினார்கள். காபூலில் 1915 டிசம்பரில் அமைந்த தற்காலிக இந்திய அரசாங்கத்துக்கு ராஜா மகேந்திர பிரதாப் ஜனாதிபதி, பர்கத்துல்லா பிரதமர், தேவ்பந்த் மாணவரான உபைதுல்லா சிந்தியும் அதில் ஒருவர். சிந்தி பட்டுத்துணியில் எழுதி அனுப்பிய கடிதங்கள் 1916-ல் பிடிபட்டன, பட்டுக்கடித இயக்கம் என்ற பெயர் அதனால்தான். மஹ்மூதுல் ஹசன் மக்காவில் கைதாகி மால்டா தீவில் 1920 வரை அடைபட்டுக் கிடந்தார். கூடவே கிடந்தவர் அவர் சீடர் ஹுசைன் அஹ்மத் மதனி. விடுதலையாகி வந்த வருஷமே அலிகாரில் ஜாமிஆ மில்லியாவைத் தொடங்கி வைத்துவிட்டு நவம்பரில் மஹ்மூதுல் ஹசன் மௌத்தானார்.

இது வரைக்கும் எல்லாரும் எழுதுவார்கள், மலருக்கு ஏற்ற கதைதானே. இதற்குப் பிறகு வருவதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மதனி காங்கிரசோடு நின்றார். இந்தக் காலத்தில் கவ்மு (தேச மக்கள்) என்பது நிலத்தால் ஆகிறது, இந்தியாவில் உள்ள ஹிந்துவும் முஸ்லிமும் ஒரே கவ்மு என்றார். 1938-ல் அதை ஒரு நூலாகவே எழுதினார். அவர் காட்டிய ஆதாரம் புதுசாக எதுவும் இல்லை. நபிமார்கள் தங்களை நம்பாத சனங்களையே "என் கவ்மே" என்றுதான் குர்ஆனில் கூப்பிடுகிறார்கள், மதீனாவில் யூதர்களையும் சேர்த்துத்தான் நபியவர்கள் ஒப்பந்தம் எழுதினார்கள். கவ்மு வேறு, மில்லத்து (மார்க்கச் சமூகம்) வேறு என்பது அவர் வாதம். (மில்லத் என்ற சொல் நமக்குப் புதிதில்லை, காயிதே மில்லத் என்று கூப்பிட்டே பழகியவர்கள்தான் நாம்.) கவிஞர் அல்லாமா இக்பால் இதைக் கேட்டு கோபப்பட்டு மதனியின் பெயரைச் சொல்லியே கவிதை எழுதினார். மதனி, இன்றைக்கு உலகம் இப்படி இருக்கிறது என்றுதான் சொன்னேன், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை என்று விளக்கம் கொடுத்தார், இக்பாலும் கொஞ்சம் தணிந்தார், அந்த ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார்.

அதே தேவ்பந்தில் ஓதி அங்கேயே தலைமைப் பொறுப்பிலும் இருந்த ஷப்பீர் அஹ்மத் உஸ்மானி மறுபக்கம் போனார். 1945-ல் ஜம்இய்யத்துல் உலமாயே இஸ்லாம் தொடங்கியது, முஸ்லிம் லீகுக்கும் பாகிஸ்தானுக்கும் துணை. பாகிஸ்தான் பிறந்தபோது கராச்சியில் கொடியேற்ற ஜின்னா கூப்பிட்டது இவரைத்தான். மஹ்மூதுல் ஹசனின் குர்ஆன் மொழிபெயர்ப்புக்கு விரிவுரை எழுதி முடித்தவரும் இவர்தான் என்றால் பாருங்கள். ஒரே உஸ்தாது, ஒரே கிதாபு, ஒரே பாய், நாடு மட்டும் இரண்டு. இதில் யார் பழமைவாதி, யார் முற்போக்கு? இரண்டு பேரும் ஒரே அளவு பழமைதான். ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கிய மௌதூதியோ இரண்டு தேசியமும் தப்பு என்றார், இந்தியத் தேசியம் மட்டுமில்லை, முஸ்லிம் தேசியமும் சேர்த்து. 1947-க்குப் பிறகு அவரும் பாகிஸ்தானில்தான் இருந்தார், அது வேறு கதை.

மதனியை "மதச்சார்பற்ற தேசியவாதி" என்று எழுதிவிடாதீர்கள். இந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் அவருக்கே பிடித்திருக்காது. ஷரீஅத்தை அரசாங்கம் தொடக்கூடாது, நிக்காஹ், தலாக், சொத்துப் பிரிவு நம் கையில் இருக்க வேண்டும், அந்த உறுதி கிடைத்தால் மற்ற சனங்களோடு ஒரு நாடாக இருக்கலாம் என்பது அவர் கணக்கு. தாடியை விட்டுக்கொடுத்து நாட்டை வாங்கவில்லை, தாடியைக் காப்பாற்ற நாட்டில் பங்கு கேட்டார் என்று நான் முதல் வரைவில் எழுதியிருந்தேன், ஹஜ்ரத் அதைப் படித்துவிட்டு "கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார், எடுத்துவிட்டேன். ஆனால் விஷயம் அதுதான். அதனால்தான் தேவ்பந்தின் நூற்றாண்டு விழா 1980-ல் நடந்தபோது மேடையில் இந்திரா காந்தி இருக்கவும் முடிந்தது, 2009-ல் அதே வட்டாரத்து ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்த் மாநாடு வந்தே மாதரம் பாடக்கூடாது என்ற பத்வாவை ஆதரிக்கவும் முடிந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் மாதிரித் தெரிந்தால் நீங்கள் இன்னும் அந்தப் பழைய கணக்கில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, உங்கள் மதரசா இதில் எங்கே? உங்கள் உஸ்தாதின் உஸ்தாது யார் என்று ஸனதில் சங்கிலியாக இருக்கும். அது மதனி பக்கம் போகிறதா, தானவி-உஸ்மானி பக்கம் (அஷ்ரப் அலி தானவியும் லீகை ஆதரித்த தேவ்பந்த் ஆலிம்தான்) போகிறதா, இல்லை நம் தமிழ்நாட்டு மதரசா வழியா என்று பாருங்கள். ஆனால் சங்கிலியை வைத்து மட்டும் அரசியலைத் தீர்மானித்துவிடாதீர்கள், மேலே சொன்ன உதாரணமே அதற்குச் சாட்சி.

பர்மாவில் இது பாஷைத் தகராறு

இந்தப் பகுதியை அவசரப்படாமல் எழுதுங்கள், ஏனென்றால் நம் மதரசாக்களின் தேசியப் பிரச்னை இந்தியாவில் மாதிரி காங்கிரசா லீகா என்று வரவில்லை, எந்த பாஷையில் ஓதுவது என்று வந்தது.

டோபமா என்ற பர்மிய தேசியவாத இயக்கம் 1930-ல் எழுந்தபோது அதன் முழக்கத்தில் நாட்டோடு எழுத்தும் பேச்சும் சேர்ந்தே இருந்தன. பர்மா நம் நாடு, பர்மிய எழுத்து நம் எழுத்து, பர்மிய மொழி நம் மொழி. அதே வருஷம் மே மாதம் துறைமுகக் கூலித் தகராறில் இந்தியர்கள் வெட்டுப்பட்டார்கள், 1938 ஜூலையில் முஸ்லிம்களுக்கு எதிராகவே கலவரம். அந்தச் சூழலில் பர்மியத் தாய்க்குப் பிறந்த முஸ்லிம்கள், அப்போது ஜேர்பாதி என்ற பெயர், நாங்கள் இந்த மண்ணின் ஆட்கள், எங்களை வந்தேறிகளோடு சேர்க்காதே என்றார்கள். மதரசாவில் உருது எதற்கு, பர்மிய மொழியிலேயே சொல்லிக்கொடு என்ற பேச்சு அங்கிருந்துதான். உருதுதான் கிதாபுக்கு வழி, அதை விட்டால் ஓதல் போச்சு என்று மறுபக்கம். இடையில் நம் கதி என்ன? தமிழ்ப் பிள்ளை அரபியைப் படிக்க முதலில் உருதைப் படிக்க வேண்டும், தெருவில் பர்மியன் பேச வேண்டும், வீட்டில் உம்மாவிடம் தமிழ். நன்னா தன் குறிப்புகளை அரபு எழுத்தில் தமிழாக எழுதினார். அவருடைய பேரன் எனக்கு அரபு எழுத்து வாசிக்கத் தெரியும், ஆனால் அந்தத் தமிழ் பாதி புரியாது.

ஆக, உங்கள் கட்டுரையில் மதரசாவின் பயிற்றுமொழி எந்த வருஷம் மாறியது என்பதைக் கண்டுபிடியுங்கள், ஒரே நாளில் மாறியிருக்காது. முதலில் போர்டு மாறும், பிறகு நோட்டீஸ், பிறகு சின்னப் பிள்ளைகளின் தீனியாத் (அடிப்படை மார்க்கப் பாடம்) வகுப்பு, கடைசியில்தான் ஹதீஸ். ஜும்ஆ பயான் எப்போது பர்மியனுக்குப் போனது என்று ஊரில் உள்ள கிழவர்களைக் கேட்டால் சண்டையே போடுவார்கள், அந்தச் சண்டையை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆங் சானோடு கொல்லப்பட்ட முஸ்லிம் மந்திரி ஊ ரசாக் படத்தை அட்டையில் போடலாமா என்று கேட்பீர்கள். எல்லா மலரிலும் போடுகிறார்கள். போடுங்கள், ஆனால் அவரை மதரசாக் கணக்கில் எழுதாதீர்கள். அவர் மெய்க்தீலாவில் பிறந்தவர், தகப்பனார் தமிழ் முஸ்லிம், போலீஸ் வேலை, தாய் பர்மியப் பௌத்தர். அவர் படித்தது கிறிஸ்தவ மிஷன் பள்ளியிலும் ரங்கூன் கல்லூரியிலும். தலைமையாசிரியராக இருந்தது மந்தலேயின் தேசியப் பள்ளி, அது 1920 பல்கலைக்கழகப் புறக்கணிப்பிலிருந்து பிறந்த பள்ளிகளில் ஒன்று, வெள்ளைக்காரன் பணம் வேண்டாம் என்று நடந்தது. (நானோத்தவியின் விதிகள் ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது. ஒரு பாதை மற்றொன்றைப் பார்த்துப் படித்ததற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை, அதனால் மலரில் எழுதவில்லை.) 1945 டிசம்பரில் பின்மனாவில் கூடிய பர்மா முஸ்லிம் காங்கிரசுக்குத் தலைவரானார், 1947 ஜூலை 19 அன்று ஆங் சானோடு சேர்த்துச் சுடப்பட்டார், அப்போது அவர் கல்வி மந்திரி. அசானி நாளில் (தியாகிகள் நாள்) நாம் அவரை நினைக்கிறோம். சரிதான். ஆனால் அவர் காட்டிய வழியும் உருது மதரசா காட்டிய வழியும் ஒன்றில்லை என்பதை மறைத்தால் இரண்டு பேருக்குமே அநியாயம்.

2013-ஐ விட்டுவிட்டு எழுத முடியாது

கமிட்டி "அதெல்லாம் எதுக்கு" என்று சொல்லும். பயத்தில் சொல்கிறார்கள், தப்பு சொல்ல முடியாது. என் கருத்து, எழுத வேண்டும், சுருக்கமாக, அடைமொழி ஒன்று கூட இல்லாமல். 2013 மார்ச் மாதம் மெய்க்தீலாவில் நடந்த கலவரத்தில் ஒரு மதரசாவின் மாணவர்கள் 32 பேரும் ஆசிரியர்கள் 4 பேரும் கொல்லப்பட்டார்கள். ஊ ரசாக் பிறந்த அதே ஊர். அவ்வளவு போதும், நீங்கள் மேலே ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அதே கலவரத்தில் யதனா ஊ பௌத்த மடத்து சயாடோ (தலைமைப் பிக்கு) ஊ விதுத்தா நூற்றுக்கணக்கான முஸ்லிம்களை மடத்துக்குள் வைத்துக் காப்பாற்றினார், அதையும் அதே பத்தியில் எழுதுங்கள். 2017 ஏப்ரலில் யாங்கோன் தாக்கேத்தாவில் தேசியவாதக் கும்பல் வந்து நின்றதும் இரண்டு மதரசாக்கள் பூட்டப்பட்டன.

இதை எழுதும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். 1866-லிருந்து ஐம்பது அறுபது வருஷம் கேள்வி கேட்டது மதரசா, நாட்டுக்கு எந்த அளவு சேரலாம் என்று. இப்போது கேள்வி கேட்பது மறுபக்கம், இந்தியாவிலும் அப்படித்தான், 2017-ல் உத்தரப்பிரதேசத்தில் சுதந்திர தினக் கொடியேற்றத்தை மதரசாக்கள் வீடியோ எடுத்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவே போட்டார்கள். பழைய தாள்களைப் படிக்கும்போது இந்தக் கால பயம் உங்கள் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், துடைத்துவிட்டுப் படியுங்கள். 1925-ல் இருந்த உஸ்தாது உங்களுக்காகத் தன் நாட்டுப்பற்றை நிரூபிக்க உட்காரவில்லை.

உயிரோடு இருப்பவர்களின் பெயர், இப்போது நடக்கும் மதரசாவின் தெரு, பிள்ளைகளின் போட்டோ எதையும் போடாதீர்கள். பெரியவர் பேசியதைப் போட வேண்டுமென்றால் "பபேடான் பக்கத்து ஹஜ்ரத் ஒருவர்" என்றால் போதும், அந்தப் பக்கத்தில் பள்ளிவாசலும் ஹஜ்ரத்துமாகத்தான் இருக்கிறது, யார் என்று கண்டுபிடிக்க முடியாது. ரெக்கார்ட் பண்ணியதை போனிலேயே வைத்துக்கொண்டு அலையாதீர்கள். வரைவைப் பேசியவரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள், அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் சரி.

கடைசியாக ஒன்று, நான் தாமதமாகச் செய்தது. இங்கே கிடைக்காத தாள் அங்கே இருக்கும். 1963, 64-ல் கடைகளை ஜெனரல் நே வின் ராணுவ அரசு எடுத்துக்கொண்டபோது லட்சக்கணக்கில் நம் சனங்கள் மெட்ராஸ் கப்பல் ஏறினார்கள். நகையும் பணமும் கொண்டு போக விடவில்லை, ஆனால் கிதாபையும் பழைய நோட்டையும் யார் பார்க்கப் போகிறார்கள்? தமிழ்நாட்டில் பர்மா காலனி என்று ஊருக்கு ஊர் இருக்கிறதே, அங்கே உள்ள சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, பழைய பெட்டியில் ரசீது புத்தகம், குத்பா கிதாபு, பட்டமளிப்பு போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். "பழசு எல்லாம் போட்டாச்சுப்பா" என்றுதான் முதலில் சொல்வார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிடுங்கள். தொண்டியில் இருக்கும் எங்கள் பெரியத்தா மகன் மூன்றாவது தடவைதான் பரணில் ஏறினார், பச்சை அட்டை போட்ட சந்தா நோட்டு ஒன்று இருப்பதாகவும் மழை விட்டதும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவதாகவும் போன வெள்ளிக்கிழமை சொன்னார். முதல் பக்கத்தில் ஹிஜ்ரி 1356 என்று இருக்கிறதாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், பர்மா பிரிந்த வருஷம்.